கரையில் ஓடிய படகு எஞ்சின்

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா? ஆலப்புழையில் நான் சுகம்.

போனில் பேசினால் அம்மா என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வந்த அபூர்வமான பழைய படகு எஞ்சினை நான்தான் பிரித்துச் சீராக்கினேன். ஆசை தாங்காமல், ஸ்டாண்டில் மாட்டியபடியே ஓட்டிவிட்டேன். நம் தோட்டத்து எஞ்சின் கிணற்றுமேட்டில் நின்றுதானே ஓடும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்! உள்ளே தண்ணீர் இழுத்துச் சூடு தணிக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிட்டது. அது இப்போது எங்கும் கிடைப்பதில்லை.

“ஏம்புள்ள, இதென்ன ஒங்க தோட்டத்து மோட்டாரா? தண்ணிக்குள்ள எறக்காம ஓட்டிப்புட்டியே!” என்று கூட வேலை செய்யும் கூடலூர் கர்ணன் அண்ணன் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. சக்கரம் கிடைக்கும்வரை எஞ்சினைத் தொடாதே என்று பில் போடும் மேசைக்கு அனுப்பிவிட்டார். நிழலான இடம்தான். பட்டறைச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அளவு வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். உத்தமபாளையத்தில் பம்புகளுக்கு ரப்பர் வார்க்கும் அல்தாப் மாமாவால் ஒன்று செய்ய முடியுமா என்று கேளுங்கள். செய்துவிட்டால் பார்சலில் போட வேண்டாம், அத்தா. குமுளி வழியாக பஸ் இருக்கிறது. கால் ஒத்துழைத்தால் நீங்களே கொண்டு வாருங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
பெனாசிர்