பாத்திரத்தைத் தொடாதவள்

தவக்காலம், ஞாயிறு இரவு

இன்று திருவிருந்தில் ராணி அப்பத்தை வாங்கிக்கொண்டாள். ஆயர் திராட்சரசப் பாத்திரத்தை நீட்டியதும் வாயை இறுக மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குத்தான் இத்தனை கூச்சல்.

பஸ் நிலையத்துத் தொழிலையும் குடியையும் விட்டு, எங்கள் பெண்கள் சங்கம் சமயநல்லூரில் நடத்தும் இல்லத்துக்கு வந்தவள் அவள். ஒரு ஞானப்பாட்டுகூட முழுதாகத் தெரியாது. குடிதான் தன் வியாதி என்று தெரியும்.

ஆராதனை முடிந்ததும் சங்கச் செயலாளர் கிரேஸ் அவளை வாசலிலேயே மடக்கினாள். "ஆண்டவரோட ரத்தத்தையே வேணாங்கிறியா? அம்புட்டுத் திமிரா?"

"ஒரு சொட்டு நாக்குல பட்டாப் போதும்மா, திரும்ப அங்கனதான் போயி நிப்பேன்," என்றாள் ராணி.

கிரேஸுக்கு இது புரியவில்லை. பி.எட். படித்தவள். மனந்திரும்பாதவளுக்கு இல்லத்தில் இடமில்லை, புதன்கிழமை தீர்மானம் போட்டு அனுப்பிவிடலாம் என்றாள். மற்ற பெண்கள் வழக்கம்போலத் தலையாட்டினார்கள்.

"ஏன் கிரேஸ், உன் வீட்டுக்காரர் வாயிலருந்து ஆயர் பாத்திரத்தப் பிடுங்க வேண்டியிருக்கே. அவர எந்த இல்லத்துல சேக்கலாம்?" என்று கேட்டேன்.

"அக்கா, கோயில் வாசல்ல பேசுற பேச்சா இது?"

"நீ ஆரம்பிச்ச எடந்தானே."



இல்லத்து வேன் வரை ராணி என் பின்னாலேயே வந்தாள். "என்னய அனுப்பிருவாங்களா டீச்சரம்மா?"

தெருவில் நின்று அழுவது எனக்குப் பிடிக்காது. மூக்கைத் துடைக்கச் சொல்லி ஏற்றிவிட்டேன்.

சங்கத்தின் தலைவி நான். என் கையெழுத்து இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது. புதன்கிழமை அந்தத் தாளைக் கிரேஸ் என்னிடம் கொண்டுவந்து பார்க்கட்டும்.