மந்திரவாதிக்குக் கருநீல முதுகு

லீமா அப்பா,

சோறும் ரசமும் மூடி வச்சிருக்கேன். நேத்து மாதிரி தட்டை நகர்த்திட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க. நான் குறை சொன்னதுக்கு "பெயிண்டரு நானா, நீயா?"ன்னு கேட்டீங்க. நீங்கதான். ஆனா ஸ்கூல் பிள்ளைங்க மேசையில வச்சு விளையாடுற அந்த விரலளவு ஈயப் பொம்மை மந்திரவாதி, கையில விளக்கோட மஞ்சக்காமாலை வந்தவராட்டம் நின்னாரு. உடம்பெல்லாம் மஞ்சள் பூசுனா விளக்கு எரியுறது எப்படித் தெரியும்?

அதான் வெள்ளனே எந்திரிச்சு, அவரு முதுகுக்குக் கருநீலம் பூசிட்டேன். விளக்குப் பக்கம் இருக்குற கன்னத்துலயும் உள்ளங்கையிலயும் மட்டும் மஞ்சளை விட்டுருக்கேன். மூடுபனியில பெயிண்ட் காயல, அடுப்புப் பக்கம் வச்சிருக்கேன். பிடிக்கலைன்னா அழிச்சிருங்க. கோவிச்சுக்க மாட்டேன். ஒரு வாரம் பேச மாட்டேன், அவ்வளவுதான்.

மத்தியானம் டீச்சரம்மா பொம்மையை வாங்க வருவாங்க. அவங்க முன்னாடி என்னைத் திட்டாதீங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுக் கித்தேரியக்காகிட்ட குடுங்க. பெரும்பாறைக்குப் போயி அம்மாவைப் பார்த்துட்டு சாயங்காலம் வந்துருவேன்.

மேரி

பஸ் வந்துரும், இருந்தாலும் இதைச் சொல்லிட்டுப் போறேன். கடுகளவு முகத்துல நீங்க வச்ச ரெண்டு கண்ணும் என்னையே பார்க்குது. அதுல நான் கை வைக்கல. எனக்கு அப்படி வராதுங்க.