சாமிக்கு இடம் விட்ட வீடு

அன்பு மகள் பெய் லெங்குக்கு, உன் அப்பா படகோடு போன நாளிலிருந்து உன்னை வளர்த்த சின்னப்பா கிம் ஹோக் பினாங்கிலிருந்து எழுதுவது. இங்கே நான், உன் சின்னம்மா, காலுக்குக் கீழே கடல் எல்லாரும் சுகம். பெர்த்தில் நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறோம். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், கஞ்சியில் இஞ்சி தட்டிப் போடு, டாக்டரிடமும் காட்டு, நானே பாதி டாக்டர்தான் என்றாலும் அந்த ஊர்ச் சளி எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு மாதமாக ஒன்றை உன்னிடம் மறைத்துவந்தேன். நம் வீட்டை இடிப்பதாக இருந்தது. பதறாமல் முழுக்கப் படி. அரசாங்கம் கடல் தடுப்புச் சுவர் கட்டப்போகிறது, போரில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் கட்டின வீடுகள் நிற்கும், மற்றவை போகும் என்றார்கள். கடலில் மரக்கால் நட்டுப் பலகைப் பாதையோரம் வீடு கட்டிக்கொண்ட நம் சியா ஜெட்டியில் யாரிடம் பத்திரம் இருக்கிறது, கடலுக்கு எவன் பட்டா கொடுத்தான்? வயதைக் கண்டுபிடிக்க ரொஹானா என்று ஒரு அதிகாரிப் பெண் வந்தாள், நல்ல பெண், சின்னம்மாவின் கோப்பியை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். அவள் கணக்கு என்னவென்றால் ஜெட்டி கரையிலிருந்து கடலுக்குள் நீண்டது, ஆகவே கரையோரம் பழசு, நுனி புதுசு. நாமோ நுனியில் கடைசி வீடு. "மாமா, உங்க வீடு போருக்கு அப்புறம் வந்ததுதான்னு தோணுது" என்று சொல்லிவிட்டாள்.

நான் விடுவேனா. ஜெட்டியில் முதல் வீடே நம்முடையதுதான், என் தாத்தா சீனத்திலிருந்து வந்து கரையோரத்தில் கட்டினது, பிறகு ஊரிலிருந்து சாமி சிலை கப்பலில் வந்தபோது சாமியை வைக்க இடமில்லை, முதல் இடம் சாமிக்குத்தான், அங்கே கோயில் வரட்டும் என்று வீட்டையே அதன் மரக்கால்களிலிருந்து கழற்றி அறுபது பேர் தோளில் தூக்கி ஒரே கடல் ஏற்றத்துக்குள் நுனிக்குக் கொண்டுபோய் நட்டார்கள், தாத்தா உச்சியில் உட்கார்ந்து மத்தளம் அடித்தார் என்று கையை ஆட்டிச் சொன்னேன். நீ சின்னப்பிள்ளையில் நூறு தடவை கேட்ட கதைதான். பக்கத்து வீட்டுப் பூன் தெக் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆமாம்மா, சாமி இவங்க வீட்டுல குடித்தனம் இருந்துச்சு, இவனுக்குத் தாலாட்டு பாடுச்சு, அதையும் எழுதிக்க" என்றான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோயில் வாசல் நிலையில் வருஷம் செதுக்கியிருக்கிறதே, அது ஜப்பான்காரனுக்குப் பதினொரு வருஷம் முந்தினது, உங்கள் வீடு அங்கே இருந்தது உண்மையானால் கோயிலுக்குக் கீழே ஏதாவது மிச்சம் இருக்கவேண்டுமே என்றாள்.

போன சனிக்கிழமை காலை பெரிய வற்று. கடல் அப்படி உள்வாங்கி நான் பார்த்ததில்லை, சிங்கப்பூர்வரை நடந்தே போயிருக்கலாம். ரொஹானாவும் பூன் தெக்கும் நானும் முழங்கால் சேற்றில் கோயிலுக்கு அடியில் போனோம். அங்கே குட்டையாகக் கொஞ்சம் கட்டைகள் நிற்குமே, நண்டு பிடிக்கிறவர்கள் வலை கட்டுவார்களே, கோயிலின் பழைய கால்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். பூன் தெக்தான் மீன் கத்தியால் ஒரு கட்டையின் தலையில் சிப்பியைச் சுரண்டினான். "டேய் ஹோக்கு, இங்க வாடா" என்றான், குரலில் கேலி இல்லை. உளி வெட்டு ஒன்று. நம் அடுக்களைத் தரைக்குக் கீழே உத்தரத்தில் தச்சன் போட்ட அடையாளம் இருக்கிறதே, இரண்டு கோடும் ஒரு சாய்வும், அதே வெட்டு. ரொஹானா ஓடிப்போய் நம் உத்தரங்களை எல்லாம் அளந்துகொண்டு வந்தாள். பதினாறு கட்டை, இடைவெளி விரல்கடை பிசகவில்லை. பதினாறிலும் வெட்டு தெரிந்தது என்று எழுதப் போனேன், சின்னம்மா தோளுக்குப் பின்னால் நின்று ஏழுதான் என்கிறாள், சரி ஏழு.

மகளே, அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கல்லாய் இறுகிப்போயிருந்தது. தலைக்கு மேலே கோயிலில் யாரோ மணி அடிக்கிறார்கள். தாத்தாவும் அவர் ஆட்களும் படகில் வந்து இறங்கி, கையகல இடத்தை அலையிடம் பிடுங்கி, அதையும் சாமிக்குக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நாற்பது வருஷமாக அந்தக் கதையைச் சொன்னேனே தவிர நான் அதை நம்பியதே இல்லை. தாத்தா அளந்துவிட்டது, நானும் கொஞ்சம் சேர்த்து அளக்கிறேன் என்றே நினைத்திருந்தேன்.

நேற்று கடிதம் வந்துவிட்டது, வீடு நிற்கும். ரொஹானாவே கொண்டுவந்து கொடுத்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, தாத்தா வேற என்னென்ன சொன்னாரு, எல்லாம் சொல்லுங்க" என்றாள். கதைக்கு எனக்கா பஞ்சம்? ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. எது நான் சேர்த்தது, எது நிஜமாகவே நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் பொறு தாயி, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சீனப் புத்தாண்டு ஒன்பதாம் நாள் பூஜைக்கு டிக்கெட் எடுக்க மறக்காதே, சாமிக்குப் படைக்கிற கரும்புக்குச் சொல்லியாயிற்று. கடலம்மா உங்கள் மூவரையும் நனையாமல் காக்கட்டும். வரும்போது நான் உனக்குச் சொன்ன கதைகளில் நினைவிருப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வா, நம்பாதவற்றை முதலில் எழுது.

உன் சின்னப்பா
சியா கிம் ஹோக்