வெறும் கோதுமை

ஜூலை 8, செவ்வாய். தார்நாகா.

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "விரல் வீக்கம் வத்திருச்சுடி. கொஞ்ச நாளா மாத்திரையே போடல. உன் பீர் பிஸ்கட்டே போதும். சர்ச்சுல மட்டும் சொல்லிராத, சிரிப்பாங்க."

பீர் வடித்து மிஞ்சும் பார்லிச் சக்கையிலிருந்து புரதம் எடுத்து பிஸ்கட்டில் சேர்க்கிறோம். அது மூட்டு வீக்கத்தைக் குறைக்குமா என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. அந்த பிஸ்கட்டை வெளியே கொண்டுவரக் கூடாது. நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாகச் சுட்ட பிஸ்கட்டில் மீந்தது. அதில் அந்தப் பார்லிப் புரதம் இல்லை. அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"மாத்திரைய நிறுத்தாதம்மா."

"ஏன், உன் பிஸ்கட் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"நீ தின்னது அது இல்லம்மா. வெறும் கோதுமை."

அம்மா கையை விரித்து, மடக்கிப் பார்த்தாள். விரல்கள் முழுதாக மடங்கின. மாத்திரையைக் கொடுத்தேன், விழுங்கினாள். தட்டுகளைக் கழுவினேன். வருத்தமா, நிம்மதியா, ஒன்றும் தெரியவில்லை. நல்ல மாத்திரை, மருத்துவர் கொடுத்தது. நான் சொன்னது சரிதான்.

விளக்கை அணைக்கப் போனபோது அம்மா விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திரும்ப வலிக்குதுடி."