லினக்ஸ் ஏற்றிய வீரன்

ஞாயிறு இரவு, திருமுல்லைவாயில்.

எவரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சத்தியமாக எழுதுகிறேன். இன்று மதியம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் என் ஒற்றை விரலால் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தை ஏற்றினேன். ஆவடி வரை விளக்குகள் மங்கின. மின்சார ரயில் நின்று வணங்கிவிட்டுப் போனது.

"பழையது எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?" என்று திரை கேட்டது. அதில்தான் என் மனைவி சுமதி, தைத்துக் கொடுக்கும் ரவிக்கைகளின் அளவுகளை வைத்திருந்தாள். அவை போனால் ஊர்ப் பெண்களெல்லாம் கத்தரிக்கோலோடு படையெடுப்பார்கள்.

"இன்னாய்யா, அழுத்தாம குந்திகினு கீற?" என்றாள்.

"உன் அளவெல்லாம் பூடுமே!"

"உன்ன நம்பி வுடுவனா? காலையிலயே பென் டிரைவ்ல போட்டுக்கினேன்."

விளக்கும் ரயிலும் புளுகு. பொத்தானை அழுத்தியது என் விரல்தான் என்பது மட்டும் நிஜம். அது நடுங்கியதால், சுமதி பிடித்து அழுத்தினாள்.