கட்டிலில் வந்த முதுமை

மாமா,

இன்று கோட்டுச்சேரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரிடமிருந்து வலித்தைல வாசனை வந்தது. இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் தேடினார். என்னால் பார்க்க முடியவில்லை.

சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறியும்வரை, அம்பகரத்தூருக்கு மிதித்துப் போய் வயல் பார்த்து வந்தவர் நீங்கள். மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வேட்டிக்குள் கால் குச்சியாகிவிட்டது. "வயசாயிட்டும்மா, அவ்வளவுதான்" என்றீர்கள். விழுவதற்கு முன் அந்தப் பேச்சையே உங்களிடம் நான் கேட்டதில்லை.

நம் நாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக விண்வெளிக்குப் போய் வந்த வருஷம் அது. பள்ளியில் உயிரியல் நடத்துவதற்காக நான் வாங்கிய பத்திரிகையில் ஒரு படம். மாதக்கணக்கில் மேலே இருந்துவிட்டுத் திரும்பிய வெளிநாட்டு வீரரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறார்கள்.

"இந்தப் பிள்ளைக்கு என்னாச்சு?"

"அங்க உடம்புக்கு எடையே தெரியாது மாமா. சுமக்கிற வேலை இல்லாம எலும்பு கரையுது, தசை வத்துது. வயசானவங்களுக்கு வருஷக்கணக்குல ஆகறது இவங்களுக்கு மாசக்கணக்குல ஆயிடுது. நல்லா இருக்கிற ஆளுங்களப் படுக்கையில போட்டும் பாத்திருக்காங்க. அவங்களுக்கும் அப்படித்தான் ஆச்சாம்."

படத்தை வெகுநேரம் பார்த்தீர்கள். "தரைக்கு வந்தப்புறம் இவனுக்குத் திரும்புமா?"

"பெரும்பாலும் திரும்புதாம்."

"எனக்கு?"

"தெரியல மாமா. எழுந்து பாத்தாத்தான் தெரியும்."

மறுநாள் காலை என் தோளைப் பிடித்து நின்றீர்கள். என் நாத்தனார், உங்கள் மகள், ஓடி வந்தார். "முடியாத மனுசனப் போட்டு ஏன் இப்படி வதைக்கிறே? விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"நான்தான் எழுப்பச் சொன்னேன்" என்றீர்கள், கால் நடுங்க.

கொல்லை வரை, பிறகு தெருமுனை வரை நடந்தீர்கள். சைக்கிள் ஏற மட்டும் முடியவில்லை. அந்தக் கால் கடைசிவரை மெலிந்தே இருந்தது. அடுத்த ஐப்பசி மழையில் சளி நெஞ்சில் இறங்கி மறுபடி படுத்தீர்கள். "எழுப்பும்மா" என்றீர்கள். தூக்கினேன், உட்காரக்கூட உடம்பு நிற்கவில்லை. "இது வயசாம்மா, கட்டிலா?" என்று கேட்டீர்கள். நான் தலையணையைச் சரிசெய்தேன். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

உங்கள் மகனுக்கு இப்போது உங்கள் வயது. முதுகு வலி என்று படுத்தால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. "செத்த நேரம் படுக்க விடேன்" என்று கோபிக்கிறார். விடுவதில்லை. எதுவரை வயது, எங்கிருந்து கட்டில் என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, மாமா. தெரியாமலே எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.