ஆறிலிருந்து ஏழு வரை

மார்ச் 4
ஆறு நாள் சைக்கிள் பந்தயம் முடிந்து நேற்று வீடு வந்தேன். நாற்பத்து மூன்றாவது இடம். அணித் தலைவிக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தே ஆறு நாளும் போச்சு. பதினோரு வருஷமா இதான் என் வேலை, புலம்பல் இல்லை. காலையில் ஒன்பது வரை அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன். வீட்டுக்காரர் அஞ்சரைக்கே வேலைக்குப் போயிட்டார். மேஜையில் சீட்டு: “நல்லா தூங்கு. யாரும் எழுப்ப மாட்டாங்க.”

மார்ச் 5
மெயில் வந்திருக்கு. ஊக்கமருந்து சோதனை அதிகாரி நேற்று காலை ஆறிலிருந்து ஏழு வரை வாசலில் நின்று மணி அடித்தாராம். யாரும் திறக்கலையாம்.

ஓடிப்போய் மணியை அழுத்தினேன். சத்தமே இல்லை.

தினமும் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். ஒரு வருஷத்தில் மூணு தடவை ஆள் சிக்கலைன்னா, மருந்து போட்டவளும் நானும் ஒண்ணு. முதல் தடவை ஹோட்டல் மாறினதை மேனேஜர் பதிய மறந்தார். இரண்டாவது தடவை அக்கா வீட்டுக்குப் போனப்போ நானே மறந்தேன். இது மூணாவது.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். முகம் வெளுத்துப்போச்சு. “ஒயரைக் கழட்டி வெச்சேன். களைச்சு வந்தியே, நிம்மதியா தூங்கட்டுமேன்னு...”

ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ற மனுஷன்!

மார்ச் 6
இவர் ஒயரை மாட்டிட்டு மணியை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார். என்னன்னு திட்ட?

ஏப்ரல் 19
விசாரணை. கம்ப்யூட்டர் திரையில் மூணு பேர். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, “தப்பு என்னோடதுங்க, தண்டனையை எனக்குக் குடுங்க”ன்னார். நடுவில் இருந்த அம்மா தன்மையாகத்தான் சொன்னாங்க: “கதவைத் திறக்கிற பொறுப்பு வீராங்கனையோடது.”

அறுபத்தெட்டு தடவை சோதிச்சீங்களே, ஒண்ணுலயாவது ஏதாவது இருந்துச்சான்னு கேட்டேன். அது இந்த வழக்கில் வராதாம்.

மே 2
இரண்டு வருஷம் தடை. அணி ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டாங்க. பேப்பரில் கொட்டை எழுத்தில் ‘ஊக்கமருந்து விதிமீறல்’. மணி, ஒயர் எதுவும் அதில் இல்லை.

அம்மா போனில் அழுதாள். “நெருப்பில்லாம புகையுமான்னு கேக்குறாங்கடி. நான் என்னத்தைச் சொல்ல?” மருந்து போட்டவ நாற்பத்து மூணாவதாவா வருவா? சிரிப்பும் வரலை.

மே 20
திரும்பி வரணும்னா தடைக் காலத்திலும் அந்த ஒரு மணி நேரம் உண்டு. பந்தயம் இல்லை, ஆனா காத்திருக்கணும். நல்ல கூத்து. இவர் ஷிஃப்டை மாத்திக்கிட்டார். ஆறு மணிக்கு கீழே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்றார். மணி சரியாத்தான் இருக்கேன்னா, “அதை நம்ப மாட்டேன்” என்கிறார்.

ஜூலை 11
அதிகாரி வந்தார். “வந்துட்டாங்க! வந்துட்டாங்க!”ன்னு இவர் மாடிக்கு ஓடி வந்தார், மாப்பிள்ளை வீட்டார் வந்த மாதிரி. ரத்தம் கொடுத்தேன். அறுபத்தொன்பது.

ஆகஸ்ட் 30
மழை. குடை பிடிச்சு உட்கார்ந்திருக்கார். போதும் வாங்கன்னு கத்தினேன். “இரும்மா, இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.”

அக்டோபர் 3
எனக்கு முப்பத்து நாலு வயசு முடிஞ்சது. பழைய மேனேஜருக்குப் போன் போட்டு, தடை முடிஞ்சதும் சேர்த்துக்குவீங்களான்னு கேட்டேன். “உன்மேல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. ஆனா ஸ்பான்சர் ஒத்துக்க மாட்டாங்க.” இன்னும் இரண்டு அணிக்கு எழுதினேன். பதிலே இல்லை.

அக்டோபர் 9
ஓய்வுக் கடிதம் அனுப்பிட்டேன். மூணே வரி. மத்தியானமே பதில்: சோதனைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. இனி யாரும் வர மாட்டாங்க.

இவர்கிட்ட எப்படிச் சொல்றது?

அக்டோபர் 26
ஆறு மணிக்கு கீழே நாற்காலி இழுக்கிற சத்தம். இன்னைக்காவது சொல்லிடணும்னு ஆறே முக்காலுக்கு இறங்கினேன். தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. இவர் சட்டென்று எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டார். கார் தாண்டிப் போனது. மறுபடி உட்கார்ந்தார்.

“மேல வாங்க, ஏழாயிடுச்சு” என்றேன்.

வாட்சைப் பார்த்தார். “இல்லையே, ஆறு அம்பதுதான்.”

உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வந்தேன். பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.